பூவாடைக்கு உள்ளே: கிருபாபாயின் சாவும் இரண்டு பிரதிகளும்

எங்கள் பக்கத்தில், தியாகதுருகம் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில், பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண் பூவாடைக்காரி ஆகிவிடுவாள். வீட்டில் கல்யாணம் என்றால் முதல் படையல் அவளுக்குத்தான். புதுப்புடவை, பூ, மஞ்சள், வளையல், அவளுக்குப் பிடித்த பலகாரம். 'பூவோட பொட்டோட போயிட்டா, குடுத்து வச்சவ' என்று கிழவிகள் சொல்வார்கள். எதனால் போனாள் என்பது மட்டும் படையலில் பேசப்படாது. பிரசவத்திலா, கிணற்றிலா, காசத்திலா, கட்டினவன் கையாலா? விரித்து வைத்த புடவை அத்தனையையும் மூடிவிடுகிறது.

நாட்டார் வழிபாட்டை இழிவுபடுத்துகிறேன் என்று தோழர்கள் சண்டைக்கு வர வேண்டாம். இந்த வழிபாட்டில் எனக்கு மரியாதை உண்டு. இந்த ஊர் மலைக்கோட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 1790இல் திப்புவின் படை வந்தபோது கோட்டையைக் காத்து நின்ற கேப்டன் பிளின்ட் பெயர் கம்பெனியின் வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. அந்த முற்றுகைக்கு நடுவில் பேட்டையில் பிள்ளை பெற்றவளோ செத்தவளோ எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இல்லாதவளுக்கு ஒரு நாளாவது சோறு வைக்கிற இடம் பூவாடைப் படையல்தான். என் சிக்கல் வேறு. நினைவுகூர்தலும் மூடிமறைத்தலும் அங்கே ஒரே சடங்காக நடக்கின்றன. இது ஏதோ படிக்காத சனங்களின் பழக்கம் என்று நினைத்தால் தப்பு. அச்சு எந்திரத்துக்கும் ஒரு பூவாடை உண்டு. 1894இல் சென்னையில் போர்த்தப்பட்ட அப்படியொரு புடவையை விலக்கிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

அந்த வருஷம் ஆகஸ்ட் 3ஆம் தேதி கிருபாபாய் சத்தியநாதன் இறந்துபோனார். வயது 32. காசநோய். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவர். அதே வருஷம் அவருடைய 'கமலா' புத்தகமாக வந்தது. அடுத்த வருஷம் 'சகுணா' வந்தது. 'கமலா'வின் முன்னால் ஒரு நினைவுரை இருக்கிறது. எழுதியவர் திருமதி எச். பி. கிரிக். சென்னை மாகாணக் கல்வித்துறை இயக்குநராக இருந்த எச். பி. கிரிக்கின் மனைவி. ஒரு பெண் செத்த பெண்ணைப் பற்றி எழுதுகிறாள். எழுதுகிறவளின் சொந்தப் பெயர் என்ன? தலைப்புப் பக்கத்தில் புருஷனின் தலைப்பெழுத்துதான் இருக்கிறது. கிருபாபாயின் வாழ்க்கை பற்றி இன்றைக்கு நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இந்த நினைவுரையின் வழியாக வந்ததுதான். பின்னால் வந்த ஆய்வாளர்கள் கணிசமாக அதைத்தான் சார்ந்திருக்கிறார்கள். நானும் அதைச் சார்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் சார்ந்து நிற்பது வேறு, அது காட்டுகிற திசையில் மட்டும் பார்ப்பது வேறு.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1862இல் அகமத்நகரில் பிறந்தவர். பெற்றோர் அரிபந்த் கிஸ்தியும் ராதாபாயும், மராத்தியப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறித்தவத்துக்கு வந்தவர்கள். கிருபாபாய் அவர்களுடைய 13ஆவது குழந்தை. இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் 'மனைவியும் தாயும்' என்று பேச ஆரம்பித்தால் முதலில் பேச வேண்டியவள் இந்த ராதாபாய்தான். 'சகுணா'வின் முதல் பகுதி முழுக்க ராதாவின் கதை. புருஷன் மதம் மாறுகிறான். அவளுக்குச் சம்மதமில்லை. ஆனாலும் அவன் பின்னால் போக வேண்டியிருக்கிறது. மனைவி என்பதால் போனாளா, விசுவாசத்தால் போனாளா? போன பிறகுதான் விசுவாசம் வருகிறது. மிஷன் இலக்கியம் இதை வெற்றிக்கதையாகச் சொல்லிக்கொண்டது. மகள் எழுதியதில், பிறந்த வீட்டையும் சாமியையும் ஒரே நாளில் இழந்த ஒரு பெண்ணின் திகைப்பு அடங்காமல் நிற்கிறது. புத்தகம் மிஷனுக்காக எழுதப்பட்டது என்று ஒரே வரியில் ஒதுக்குகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்தவர்களாகத் தெரியவில்லை.

தகப்பன் சீக்கிரம் போய்விட்டார். படிப்பித்த அண்ணன் பாஸ்கரும் இளம் வயதிலேயே போய்விட்டார். பம்பாயில் ஜெனானா மிஷன் பள்ளியில் படித்தபோது மருத்துவம் படிக்கும் ஆசை வந்தது. இங்கிலாந்துக்குப் போக உதவித்தொகை கிடைத்தும் உடம்பைக் காரணம் காட்டிப் போகவிடவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே நான்கு பெண்களைச் சேர்த்திருந்தது. மேரி ஷார்லிப் அவர்களில் ஒருவர். அந்தக் கல்லூரிக்குக் கிருபாபாய் 1878இல் வந்து சேர்ந்தார். முதல் வருஷம் பரிசுகளை அள்ளினார். அதோடு சரி. உடம்பு விழுந்தது, படிப்பு நின்றது.

அவரைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: அளவுக்கு மீறிப் படித்தார், பலவீனமான உடம்பு தாங்கவில்லை. பெண்ணின் மூளை உழைத்தால் உடல் தேயும் என்பது விக்டோரியா காலத்து மருத்துவச் சொல்லாடல். நம்மூர்ப் பாஷையில் 'பொட்டச்சிக்கு எதுக்குப் படிப்பு.' இரண்டும் ஒன்றுதான், ஒன்றுக்குக் கோட்டு மாட்டியிருக்கிறது. காசநோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று ராபர்ட் கோக் 1882இலேயே நிறுவிவிட்டார். அதற்குப் பிறகும் ஒரு படித்த பெண் காசத்தில் சாகும்போது அவளுடைய படிப்பின்மீதே பழி விழுந்தது. ஆண் காசத்தில் செத்தால் மேதை எரிந்து அடங்கினான் என்பார்கள். பெண் செத்தால் அதிகம் படித்தாள், பாவம்.

சென்னையில் அவர் தங்கியது போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதன் வீட்டில். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் சபையின் போதகர் அவர். அவருடைய மனைவி அன்னா, தேவசகாயம் ஐயரின் மகள், சென்னையில் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தியவர். அன்னா தமிழில் ஒரு சிறு நூல் எழுதியிருக்கிறார். பெயர் 'நல்ல தாய்'. பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று தாய்மார்களுக்குச் சொல்வது. அன்னா 1878லேயே இறந்துபோகிறார். 1881இல் அந்த வீட்டு மகன் சாமுவேலைக் கிருபாபாய் மணந்துகொள்கிறார். ஆக, 'நல்ல தாய்' எழுதியவளின் வீட்டுக்கு மருமகளாகப் போகிறார். மாமியார் உயிரோடு இல்லை, ஆனால் புத்தகம் இருக்கிறது. மாமியார் கொடுமை என்று நாம் பேசுகிற எதுவும் இங்கே பொருந்தாது. ஆள் இல்லாமலே ஒரு பிரதியாக நின்று அளக்கிற மாமியார். என்ன பாடுபட்டிருப்பார் என்று நான் கற்பனை செய்யப் போவதில்லை. 'நல்ல தாய்' என்கிற வகைமாதிரி அந்த வீட்டில் அச்சிட்ட தாளாகவே இருந்தது என்பது போதும்.

கல்யாணத்துக்குப் பிறகு உதகமண்டலம். சாமுவேலுக்குப் பிரீக்ஸ் நினைவுப் பள்ளியில் தலைமையாசிரியர் வேலை. கிருபாபாய் அங்கே முஸ்லிம் சிறுமிகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். பத்திரிகைகளில் 'ஓர் இந்தியப் பெண்மணி' என்ற பெயரில் எழுதினார். தோடர்களைப் பார்த்து வந்து எழுதிய கட்டுரை ஒன்றும் உண்டு. பிறகு ராஜமகேந்திரபுரம், கும்பகோணம், 1886இல் மறுபடி சென்னை. புருஷனுக்கு மாற்றல் வரும்போதெல்லாம் இவருடைய பள்ளியும் எழுத்தும் பெட்டியில் ஏறும். உத்தியோகஸ்தனின் மனைவிக்கு ஊர் ஏது? 1887, 88இல் 'சகுணா' சென்னைக் கிறித்தவக் கல்லூரி இதழில் தொடராக வந்தது. ஒரே குழந்தை. ஒரு வயது நிறையுமுன் இறந்துபோனது. அதற்குப் பிறகு உடம்பு தேறவே இல்லை. நோய் தீராது என்று சொல்லப்பட்ட பிறகு உட்கார்ந்து எழுதி முடித்ததுதான் 'கமலா'.

நினைவுரை கட்டமைக்கிற பெண் இதுதான்: பக்தியுள்ளவள், பொறுமைசாலி, கணவனுக்கு உற்ற துணை, குழந்தையை இழந்த தாய், முணுமுணுக்காமல் மரணத்தை ஏற்றவள். ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பூவாடையில் வைக்கிற பொருள்களைப் போலவே இவையும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட பட்டியல். இந்தப் பெண் எதற்காகக் கோபப்பட்டாள்? அதற்குப் படையலில் இலை இல்லை. அதைத் தேட வேண்டுமானால் இரண்டு நாவல்களுக்குள் போக வேண்டும்.

துணைத்தலைப்புகளைப் பாருங்கள். ஒன்று 'சுதேசக் கிறித்தவ வாழ்க்கைக் கதை'. மற்றது 'இந்து வாழ்க்கைக் கதை'. இங்கிலீஷ் வாசகனுக்கு இரண்டு மாதிரிப் பொட்டலங்கள். இந்த ஒட்டுச்சீட்டை நம்பித்தான் நமது விமரிசகர்கள் சிலர் 'கமலா'வை மிஷனரியின் இந்து எதிர்ப்பு என்று வாசிக்கிறார்கள். வேறு சிலர் சமூகச் சீர்திருத்த ஆவணம் என்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒப்புதல் இல்லை.

'சகுணா' சுயசரிதை நாவல். அது எங்கே முடிகிறது? கல்யாணத்தோடு. அதாவது அவர் மனைவியாவதோடு அவருடைய சொந்தக் கதை நின்றுபோகிறது. தாயானதும் குழந்தையைப் பறிகொடுத்ததும் அதில் கிடையாது. இந்த மௌனத்தை அடக்கம், கூச்சம், காலத்தின் வழக்கம் என்று நியாயப்படுத்தலாம். அடுத்த நாவலை எடுங்கள். மலைக்கோயிலில் தகப்பனோடு வளர்ந்த கமலா, சிறுவயதில் கணேஷுக்குக் கட்டிக்கொடுக்கப்படுகிறாள். மாமியார் நாத்தனார் கொடுமை. முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க வருகிற புருஷன் பிறகு பின்வாங்குகிறான். சாய் என்கிற இன்னொரு பெண்ணிடம் போகிறான். கமலா வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பிள்ளை பெறுகிறாள். புருஷன் சாகிறான். பிறகு குழந்தையும் சாகிறது.

சுதேசக் கிறித்தவ வாழ்க்கையில் எழுத முடியாமல்போன சாவு இந்து வாழ்க்கையில் வந்து நடக்கிறது. இதுதான் எனக்கு முக்கியம். குழந்தை செத்த கிறித்தவத் தாய், கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார் என்று ஒடுங்க வேண்டும். அதுதான் அவளுக்கு அனுமதிக்கப்பட்ட கதையாடல். கதறுவதற்கு, ஏன் என்று கேட்பதற்கு, அவளுக்கு வேறொரு பெண்ணின் உடல் வேண்டியிருந்தது. கமலாவின் நெற்றியில் பொட்டை வைத்து, அந்தப் பொட்டை அழித்து, மடியில் பிள்ளையைப் போட்டு, அந்தப் பிள்ளையையும் எடுத்து, அதன் வழியாகத்தான் கிருபாபாய் தன் துக்கத்தை அச்சேற்றினார். மதப்பிரச்சாரம் செய்ய வந்தவள் என்றால் கடைசியில் கமலாவை ஞானஸ்நானத் தொட்டிக்கு அழைத்துப் போயிருக்க வேண்டாமா? கமலா மதம் மாறுவதில்லை.

மாறாதது மட்டுமில்லை. மறுமணமும் செய்துகொள்வதில்லை. உறவுக்காரனும் மருத்துவனுமான ராம்சந்தர் அவளைக் கேட்கிறான். நல்லவன், அவளை மதிப்பவன். மறுத்துவிடுகிறாள். தனக்கு வந்த சொத்தை ஆதரவற்ற பெண்களுக்காகச் செலவழித்து வாழ்கிறாள். பிற்போக்கான முடிவு என்று ஒரு தோழி என்னோடு சண்டை போட்டார். கணவன் நினைவுக்குக் கட்டுப்பட்டாள், மரபு ஜெயித்துவிட்டது என்று. பிரதியில் அதற்கும் இடம் இருக்கிறதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் கதை ஒன்று தாலியில் முடிய வேண்டும், இல்லை பாடையில் முடிய வேண்டும் என்றிருந்த காலம் அது. இரண்டுக்கும் வெளியே, யாருக்கும் மனைவியாகவும் தாயாகவும் இல்லாமல், கையில் காசோடு உயிரோடு இருக்கிற ஒருத்தியை எழுதிவிட்டுச் செத்துப்போயிருக்கிறார் கிருபாபாய். தான் சாகப்போகிறோம் என்று தெரிந்தே எழுதியவர், தன் பாத்திரத்தைச் சாகவிடவில்லை. நினைவுரையின் பொறுமைசாலிக்கு இது பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே காலத்தில் தமிழில் இன்னொரு கமலா உண்டு. ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் தொடராக வந்தது. ராஜமய்யர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். கிருபாபாயின் தொடர் வந்ததும் அந்தக் கல்லூரி இதழில்தான். யார் யாரைப் படித்தார்கள் என்று கயிறு திரிப்பது என் வேலையில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேலை. கமலாம்பாளும் பிள்ளையைத் தொலைக்கிறாள். ராஜமய்யர் அந்த நடராஜனைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார். முத்துஸ்வாமி அய்யருக்கு வேதாந்தமும் கிடைக்கிறது, குடும்பமும் கிடைக்கிறது. ஆண் எழுதும்போது தொலைந்த பிள்ளை தத்துவத்துக்குப் படிக்கல்லாகித் திரும்பி வருகிறது. கிருபாபாயின் பிள்ளை திரும்பி வருவதில்லை, எந்தத் தத்துவத்துக்கும் அது பயன்படுவதுமில்லை. ராஜமய்யரின் மொழி வளத்துக்கு முன்னால் கிருபாபாயின் ஆங்கிலம் வெளிறித்தான் தெரிகிறது. இயற்கை வர்ணனையில் கடன் வாங்கிய சரக்கு நிறைய. ஆனாலும் சாவின் முன்னால் பொய் சொல்லாமல் நிற்பது யார் என்று கேட்டால் நான் கிருபாபாயின் பக்கம்.

1896இல் 'கமலாம்பாள்' புத்தகமானது. அதே வருஷம் கிருபாபாயின் நாவல்களும் சாமுவேல் பவுல் ஐயர் மொழிபெயர்ப்பில் தமிழுக்கு வந்தன. நமது நாவல் வரலாறுகள் வேதநாயகம் பிள்ளை, ராஜமய்யர், மாதவையா என்று மூன்று படி ஏறி வீட்டுக்குள் போய்விடுகின்றன. மூன்று பேரும் பெண்களுக்காகப் பரிந்து எழுதியவர்கள், சரி. பரிந்துகொள்ளப்பட வேண்டியவள் தானே எழுதியது தமிழிலும் படிக்கக் கிடைத்தது என்பதை ஓர் அடிக்குறிப்பிலாவது போட்டால் என்ன குறைந்துவிடும்? மொழிபெயர்ப்பு, கிறித்தவம், பெண், அதிலும் மராத்திக்காரி. கதவை அடைக்க நாலு தாழ்ப்பாள்.

இதற்குள் சிலர் கேட்பார்கள்: பிராமண மரபில் வந்த, ஆங்கிலம் படித்த, உத்தியோகஸ்தன் மனைவிக்கு இவ்வளவு கண்ணீரா? கேட்கத்தான் வேண்டும். அவர் சென்னைக்கு வந்த 1878, தாதுவருஷப் பஞ்சத்தின் வால். 1876இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தில் இந்தியா முழுக்கச் செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். சென்னை மாகாணத்தின் உள்மாவட்டங்கள் காலியாயின. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் கணக்குப் போட்டார். அது பத்தாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அந்தக் கூலிக்குக் கல் உடைத்த பெண்களும் யாருக்கோ மனைவிதான், யாருக்கோ தாய்தான். முலையில் பால் வற்றிப் பிள்ளையை வழியில் விட்டுப் போனவர்களுக்கு எந்தத் திருமதியும் நினைவுரை எழுதவில்லை. இந்த வேறுபாட்டை மழுப்பிவிட்டு 'பெண்' என்று ஒற்றைச் சொல்லில் எல்லோரையும் கட்டுவது மோசடி. ஆனால் இதைக் காரணமாக்கிக் கிருபாபாயின் பிரதியைத் தூக்கியெறிந்தால் பஞ்சத்தில் செத்தவளுக்கு என்ன கிடைத்துவிடும்? மேல்தட்டுப் பெண்ணுக்கே தன் பிள்ளையின் சாவை எழுத இன்னொருத்தியின் பெயர் தேவைப்பட்டது. எழுத்தே இல்லாதவளின் சாவு எத்தனை மடிப்புக்குள் கிடக்கிறது என்று அளக்க அது ஒரு கோல்.

அந்தத் தலைமுறையில் இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஆனந்திபாய் ஜோஷி: 9 வயதில் கல்யாணம், 14 வயதில் பிள்ளை, பிறந்த சில நாட்களில் அது சாவு. 1886இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம். 1887 பிப்ரவரியில் காசத்தில் அவரும் சாவு, வயது 21. அவர் பெயரிலும் பதிவிரதைக் கதை கட்டினார்கள். மற்றவர் ருக்மாபாய். சிறுவயதில் கட்டிவைத்தவனோடு வாழ மாட்டேன் என்று 1884 முதல் கோர்ட்டில் நின்றவர். சிறைக்கும் தயார் என்றவர். ஊரெல்லாம் தூற்றியது. கிருபாபாய் இறந்த அந்த 1894இல் ருக்மாபாய் ஐரோப்பாவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஊருக்குத் திரும்பி வந்து பல காலம் வைத்தியம் பார்த்து 1955இல் இறந்தார். மனைவியாக மாட்டேன் என்றவள் 90 தாண்டி வாழ்ந்தாள் என்று நான் சொன்னால் மலிவான தர்க்கம் என்பீர்கள். கிருமிக்குப் பதிவிரதை யார், பத்ரகாளி யார் என்று தெரியாதுதான். ஆனால் ருக்மாபாயின் தலையில் யாராலும் பூவாடை போர்த்த முடியவில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

கிருபாபாய்க்குப் போர்த்தினார்கள். பாதியில் விட்டுப்போன மருத்துவக் கல்லூரியில் அவர் நினைவாகப் பெண்களுக்கு உதவித்தொகை வைத்தார்கள். 1898இல் சாமுவேல் மறுமணம் செய்துகொண்டார். மணமகள் அந்த வருஷமே பி.ஏ. முடித்த பெண். கமலா சத்தியநாதன் என்று பெயர். ஆமாம், கமலா. இளையாள் வந்தால் மூத்தாளுக்குப் படைக்க வேண்டும் என்பது நம்மூர் வழக்கம். இந்தக் கமலா சடங்கு எதுவும் செய்யவில்லை. 1901இல் 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். 1906இல் சாமுவேல் ஜப்பானில் இறந்துபோன பிறகும் எழுத்தை நம்பி நின்றார். முதல் கமலா காகிதத்தில் வாழ்ந்தாள். இரண்டாவது கமலா விதவையாகி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பத்திரிகை நடத்தி வாழ்ந்து காட்டினார். சத்தியநாதன் குடும்பத்தின் பெண்களைத் தொடர்ச்சியாக வைத்துப் பார்க்க இப்போது வழி இருக்கிறது. 1998இல் சாந்தனி லொக்குகே இரண்டு நாவல்களையும் மறுபதிப்பாக்கினார். 2005இல் யூனிஸ் டி சூசா அந்தக் குடும்பத்தின் எழுத்துகளைத் தொகுத்து சாகித்திய அகாதெமி வழியாகக் கொண்டுவந்தார்.

'கமலா' கையில் கிடைக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1894 பதிப்பில் நினைவுரை முன்னால் இருக்கிறது. செத்த மனைவியைக் கும்பிட்டுவிட்டுத்தான் கதைக்குள் போக முடியும். அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுங்கள். நேரே முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். கமலாவின் பிள்ளை சாகும்வரை, ராம்சந்தரிடம் அவள் மாட்டேன் என்று சொல்லும்வரை படியுங்கள். பிறகு முன்பக்கத்துக்குத் திரும்பி, எழுதியவளின் பிள்ளை செத்தது சொல்லப்படுகிற இடத்தை வாசியுங்கள்.